பலாலியிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம்?



சென்ற மார்கழியில் எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் சாப்பாட்டு மேசையில் ஒரு கதை வந்தது. "யாழ்ப்பாணத்திலையிருந்து இந்தியாவுக்குப் பிளேன் ஓடுதாம், எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று ஓர் அண்ணை கேட்டார். இருந்தவர்கள் ஐந்தாறு பேர். அரை மணித்தியாலம் என்றார் ஒருவர். மூன்று மணித்தியாலம் என்றார் இன்னொருவர். தூரம் எவ்வளவு என்று கேட்டதற்கு இருநூறு மைல், ஐந்நூறு கிலோமீற்றர், "அது கிட்டத்தான் தம்பி" என்று விதம் விதமாகப் பதில் வந்தது. எல்லோரும் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். பிராங்போட்டிலிருந்து பாரிஸ் எவ்வளவு, சூரிச் எவ்வளவு என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லக்கூடியவர்கள். பக்கத்துக் கரையின் தூரம் மட்டும் எங்களுக்குப் பிடிபடாமல் போனது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் சரித்திர ஆசிரியன் இல்லை. ஏ.எல். வரை படித்துவிட்டு வந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் உறுப்புகளை அளந்து பார்க்கிற வேலை செய்கிறவன். அளவு பிழைத்தால் எனக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பலாலியிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீற்றர். ஆகாயத்திலும் கடலிலும் போகிறவர்கள் கடல் மைலில் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். அந்தக் கணக்கில் இது ஏறக்குறைய 100 கடல் மைல். பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் சுமார் 355 கிலோமீற்றர். பலாலியிலிருந்து கட்டுநாயக்கா சுமார் 290 கிலோமீற்றர். அதாவது எங்களுக்குத் தலைநகரத்து விமான நிலையத்தைவிடத் திருச்சி நூறு கிலோமீற்றர் கிட்ட இருக்கிறது.

இப்போது ஒரு வேலை செய்து பாருங்கோ. பிள்ளைகளின் அட்லஸ் புத்தகத்தை எடுத்து, கட்டுநாயக்காவில் ஒரு புள்ளியும் சென்னையில் ஒரு புள்ளியும் வைத்து, அடிமட்டத்தால் ஒரு கோடு கீறுங்கோ. கோடு எங்கே போகிறது? பலாலிக்கு ஒரு சில கிலோமீற்றர் மேற்கால், ஏறக்குறைய யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலால் போகும். மூன்று இடங்களும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில், 80 பாகையை ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. 290ஐயும் 355ஐயும் கூட்டினால் 645. கொழும்பு - சென்னை விமானத் தூரமும் அதுவேதான். ஆகவே கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகிற விமானம் பலாலியில் இறங்கி ஏறினால் ஒரு முழம் கூடச் சுற்று இல்லை. பலாலி வழியில் இருந்த ஊர்.

இதைப் பழைய ஆட்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பலாலி ஓடுபாதையை அமைத்தது பிரித்தானிய விமானப்படை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். யப்பான்காரன் வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்ட காலம் அது. செம்பாட்டுத் தோட்டக் காணிகளின் நடுவே ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்து வெள்ளைக்காரன் போனபின் அதே பாதை சனங்களுக்குப் பயன்பட்டது. எயார் சிலோன் என்ற எமது நாட்டின் முதலாவது விமான நிறுவனம் தனது முதற் பயணத்தை 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி நடத்தியது. இரத்மலானையிலிருந்து சென்னைக்கு. நடுவில் எங்கே இறங்கியது? பலாலியில். காங்கேசன்துறை என்று அந்நாளில் அட்டவணையில் போடுவார்கள், இடம் இதுதான். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் எட்டுக் கிழமை இருந்தது. நாடு சுதந்திரம் அடைய முன்பே யாழ்ப்பாணத்துக்குச் சர்வதேச விமானம் வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கோ, நம்பமாட்டினம்.

அந்த நாளில் எயார் சிலோனிடம் இருந்தவை மூன்று டக்கோட்டா விமானங்கள். அவற்றுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயர். சீதாதேவி என்று பெயர் வைத்தவர் யாரோ, விளையாட்டுப் புத்தி உள்ளவராகத்தான் இருந்திருக்க வேணும். இந்தக் கடலை வரும்போதும் போகும்போதும் ஆகாய மார்க்கமாகவே தாண்டியவள் அல்லவா சீதை!

டக்கோட்டா மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் அளவில் பறக்கும். சென்னைக்கு ஒன்றே கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பிறகு அறுபதுகளில் அவ்ரோ விமானம் வந்தது, அது இன்னும் விரைவு. திருச்சிக்கும் சேவை இருந்தது. 1969இல் எனது அம்மம்மாவை ஒப்பரேசனுக்காக வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அம்மப்பா பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் போனவர். அவர் அந்தப் பயணத்தைச் சாகும்வரை சொல்லுவார். "தந்த தேத்தண்ணி ஆறமுதல் கடல் முடிஞ்சு போச்சுது" என்பார். காலையில் கோண்டாவிலில் கோடாப் போட்டுச் சுற்றிய சுருட்டை இரவு வேலூரில் இருந்து பத்தியதாகப் பெருமை வேறு.

காசு குறைந்தவர்களுக்குக் கப்பல் இருந்தது. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார்ச் சேவை. யாழ்ப்பாணத்தார் ரயிலில் மதவாச்சிக்குப் போய், அங்கே மாறித் தலைமன்னார் போய், கப்பல் ஏறி, மறுபடி ரயில். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. இராமானுஜம் என்ற கப்பலின் பெயர் எங்கள் சங்கத்து மூத்தவர்கள் பலருக்கும் ஞாபகம் இருக்கும். 1984இல் அதுவும் நின்றது.

விமானம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, இரத்மலானையில் நின்ற எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. ஆட்சேதம் இல்லை. எயார் சிலோன் நிறுவனமும் அதோடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1979 செப்டெம்பரில் எயார் லங்கா என்ற புதிய நிறுவனம் கட்டுநாயக்காவிலிருந்து பறக்கத் தொடங்கியது. பலாலி படிப்படியாகப் படைமுகாம் ஆயிற்று.

இதன் பிறகு அந்த ஓடுபாதையில் வந்திறங்கியவர்கள் வேறு ஆட்கள். 1987 ஜூன் 4இல் இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் பெங்களூரிலிருந்து வந்து, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 தொன் உணவுப் பொருட்களைப் போட்டுவிட்டுப் போயின. பூமாலை நடவடிக்கை என்று பெயர். அடுத்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய இராணுவம் பலாலியில் வந்திறங்கியது. இந்தியாவுக்கும் பலாலிக்கும் இடையில் தினமும் விமானம் பறந்த காலம் அது. ஆனால் டிக்கற் எடுத்து ஏற ஒரு சனத்துக்கும் வழியில்லை.

1990 ஆனியில் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி, கட்டுவன், குரும்பசிட்டி என்று சுற்றியிருந்த கிராமங்கள் எல்லாம் எழும்பின. ஒரு கிழமையில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்த சனம். வடக்கில் மிக நல்ல மீன்பிடித் துறைகளில் ஒன்று மயிலிட்டி. அங்கே காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. பலாலியில் ஆசிரியர் கலாசாலை இருந்தது. வெங்காயமும் புகையிலையும் முந்திரிகையும் விளைந்த மண். எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியது. பிறகு பகுதி பகுதியாக விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் கிடைத்தது. எல்லாம் கிடைத்துவிடவில்லை.

எங்கள் வீடு கோண்டாவிலில், பலாலி வீதியில் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த காலம் முழுவதும் பலாலி வீதி பலாலிக்குப் போகவில்லை. அந்தப் பெயரைக் கடிதத்தில் விலாசமாக எழுதினேனே தவிர, அது ஓர் ஊர் என்பது எனக்கு மனதில் படவில்லை. வானத்தில் இரைந்துகொண்டு வருகிற திசைக்குப் பெயர் பலாலி, அவ்வளவுதான்.

வாசகர்களில் பலர் அனுபவித்ததால் தொண்ணூறுகளின் பயணத்தை விரித்து எழுதத் தேவையில்லை. ஆனையிறவு பூட்டு, கிளாலிக் கடல், வவுனியாவில் பாஸ். கொழும்புக்கு 400 கிலோமீற்றர்த் தரைப் பாதை என்பது நாட்கணக்காயிற்று. இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் தெற்கே கொழும்புக்கு இறங்கி, லொட்ஜில் தங்கிப் பொலிஸ் பதிவு செய்து, கட்டுநாயக்காவில் விமானம் ஏறிச் சென்னைக்குப் பறந்தார்கள். நான் கீறச் சொன்ன கோட்டை மறுபடி பாருங்கோ. அந்த விமானம் வடக்கே திரும்பி வந்து, அவர்கள் விட்டுவந்த வீட்டுக்கு மேலாலோ பக்கத்தாலோதான் போயிற்று. 355 கிலோமீற்றர் போவதற்கு 1,050 கிலோமீற்றர்ப் பயணம். இன்னும் சிலர் இரவில் வல்வெட்டித்துறைப் பக்கமிருந்து வள்ளத்தில் கோடிக்கரைக்கு ஓடினார்கள். அது அறுபது கிலோமீற்றர்தான். போய்ச் சேர்ந்தவர்களைத்தான் நாம் அறிவோம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1996க்குப் பின் பலாலியிலிருந்து இரத்மலானைக்குச் சனங்களை ஏற்றிக்கொண்டு தனியார் விமானங்கள் பறந்தன. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 விமானம் 48 பயணிகளோடும் 7 பணியாளர்களோடும் பலாலியிலிருந்து கிளம்பி, சிறிது நேரத்தில் மன்னார்க் கடற்பக்கம் காணாமல் போனது. பயணிகள் எங்கள் சனம். புலிகள் சுட்டதாகவே விசாரணைகள் சொல்லின. 2012இல் இரணைதீவுக்கு அருகே கடலடியில் விமானத்தின் பகுதிகளைக் கண்டெடுத்தார்கள். பதினாலு வருடம் அந்தக் குடும்பங்கள் எதை நம்பி இருந்திருக்கும்? எமது மேடைகளில் இதைப் பேச மாட்டினம். மற்றவன் கொன்றதை ஒவ்வொரு வருடமும் எண்ணுகிற நாங்கள் இந்த 55 பேரையும் எண்ணத்தான் வேணும் என்பது எனது கருத்து. கோபிப்பவர்கள் கோபிக்கலாம்.

நான் முதன்முதலாகப் பலாலியைக் கண்டது 2008இல், ஏ.எல். சோதினை எழுதிவிட்டு வெளிக்கிட்டபோது. ஏ-9 பாதை 2006 ஆவணியில் மறுபடி பூட்டப்பட்டிருந்தது. கிளியரன்ஸ் எடுத்து, பெயர் வரும்வரை காத்திருந்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கூரை இல்லாத வீடுகள். மதிலை மூடிய பற்றை. ஒரு வீட்டு விறாந்தைக்குள் வேம்பு முளைத்து முகட்டுக்கு மேலே நின்றது. எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் வராது. பத்தொன்பது வயதில் அங்கே போக எனக்குப் படை அனுமதி வேண்டியிருந்தது.

போர் முடிந்தும் பத்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர். விமானம் வந்திறங்கியது. நவம்பர் 11இல் பயணிகள் சேவை தொடங்கியது. ஐந்து மாதம்கூட முழுதாக ஓடவில்லை, கொரோனா வந்து 2020 பங்குனியில் நின்றது. 2022 டிசெம்பர் 12இல் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனம் சென்னைச் சேவையையும், 2025 மார்ச் 30இல் திருச்சிச் சேவையையும் தொடங்கியது.

அந்த அண்ணையின் கேள்விக்கு விடை இதுதான்: சென்னைக்கு ஒன்றே கால் மணித்தியாலம் அளவு, திருச்சிக்கு அட்டவணைப்படி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஏ.ரி.ஆர். இரண்டு விசிறிகள் உள்ள எழுபது எழுபத்தெட்டுப் பேர் ஏறும் சின்ன விமானம். முழு வேகத்தில் மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றர் அளவில் போகும். அந்த வேகத்தில் 185 கிலோமீற்றருக்கு 22 நிமிடம் போதும். ஆனால் ஓடுபாதைக்கு உருண்டு போகவும், ஏறவும், இறங்கவும், இறங்கியபின் வந்து நிற்கவும் எடுக்கிற நேரம் எல்லாம் அட்டவணையில் சேரும். குறுந்தூரப் பயணத்தில் பறக்கிற நேரத்தைவிட இந்த நேரம்தான் அதிகம். அரை மணித்தியாலம் என்றவரும் ஒரு கணக்கில் சரிதான். கவனித்துப் பார்த்தால், டக்கோட்டா காலத்திலிருந்து எழுபது வருட இயந்திர முன்னேற்றம் சென்னைப் பயணத்தில் மிச்சம் பிடித்துத் தந்தது சில நிமிடங்கள் மட்டும்.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் திருச்சி விமானத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். எங்களில் பலரிடம் இருப்பது நீலப் புத்தகம். எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர என்று அதில் அடித்திருக்கும். ஆகவே பிள்ளை இங்கேயிருந்து போய், தாய் தகப்பன் அங்கேயிருந்து வந்து, திருச்சியிலோ சென்னையிலோ வாடகை வீடு எடுத்து ஒரு மாதம் சேர்ந்திருந்துவிட்டுப் பிரிவது எமது சனத்தின் வழக்கமாகிவிட்டது. கலியாணங்கள் எத்தனை அங்கே நடந்தன! மருமகளை முதன்முதல் கண்டதும், பேரப்பிள்ளையை முதன்முதல் தூக்கியதும் திருச்சி லொட்ஜில் என்று சொல்லுகிற தாய்மார் எத்தனை பேர்!

நானும் அப்படித்தான். 2018இல் அம்மா திருச்சிக்கு வந்தபோது முதல் நாள் பின்னேரம் வீட்டால் வெளிக்கிட்டு, இரவு பஸ்ஸில் பத்து மணித்தியாலம் இருந்து, கொழும்பில் முகம் கழுவி, கட்டுநாயக்கா போய் விமானம் ஏறி வந்து சேர்ந்தா. முழங்கால் வீங்கி இரண்டு நாள் கட்டிலால் இறங்கவில்லை. இருந்த மூன்று கிழமையில் இரண்டு நாள் எங்களுக்குப் பெரிய கணக்கு. 2025 ஆவணியில் பலாலியால் வந்தா. காலமை பிட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டவ, பின்னேரத் தேத்தண்ணியை எனக்குத் தன் கையால் ஊற்றித் தந்தா. கொண்டுவந்த முருங்கைக்காய் வாடவில்லை. "பக்கத்து ஊருக்கு வந்த மாதிரிக் கிடக்கு தம்பி, இனி எனக்குப் பயமில்லை" என்றா. நான் பிராங்போட்டிலிருந்து சென்னைக்கு 7,500 கிலோமீற்றருக்கு மேல் பறந்து, அங்கிருந்து ரயிலில் திருச்சிக்கு வந்திருந்தேன். வீட்டுக்கு மிச்சம் 185 கிலோமீற்றர். அம்மாவை அனுப்புகிற அன்று விமான நிலைய வாசலில் நின்று பார்த்தால் பலகையில் யாழ்ப்பாணம் என்று போட்டிருக்கிறது, ஒரு மணித்தியாலம். எனது புத்தகத்துக்கு அந்தக் கதவு திறவாது.

இதை ஒரேயடியாகக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. எமது சங்கத்தில் மயிலிட்டி, வசாவிளான் ஆட்கள் இருக்கிறார்கள். அம்மா வந்த விமானம் ஓடி எழும்பியது யாருடைய காணிக்கு மேலால் என்று அவர்களுக்குத் தெரியும். நிலையத்தைப் பெருப்பிக்க வேணும், பெரிய விமானம் வர வேணும் என்று நாம் கேட்கும்போதெல்லாம் அது இன்னும் காணி கேட்கிற கதை. வசாவிளான் அண்ணை ஒருவர் என்னிடம் சொன்னார்: "பிளேன் வரட்டும் தம்பி, நான் எதிர்க்கேல்லை. காசைத் தந்தெண்டாலும், வேறை காணியைத் தந்தெண்டாலும் எங்களோடை ஒருக்காக் கதைச்சிருக்கலாம்." அவர் கேட்பதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பலாலியால் ஏறி இறங்குகிற வசதியைப் பேசுகிறவர்கள் அவரது கேள்வியையும் சேர்த்தே பேச வேணும்.

போக இருக்கிறவர்களுக்கு இரண்டு விசயம். சின்ன விமானம் என்றபடியால் பொதி நிறையை முதலே விசாரித்துக்கொள்ளுங்கோ, இங்கேயிருந்து கொண்டுபோகிற முப்பது கிலோ பெட்டி அதில் ஏறும் என்று நம்பிப் போகாதேங்கோ. ஜேர்மன் பாஸ்போட் உள்ளவர்களும் சென்னையில் மாறுவதற்கு முன்னர் இந்திய விசா விசயத்தைக் கேட்டு அறிந்துவிட்டுப் பயணத்தைப் பதிவு செய்யுங்கோ.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எயார் சிலோனில் பலாலியால் பறந்தவர்கள் எமது நகரத்தில் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள். அந்த நாளையில் டிக்கற் துண்டோ, பொதியில் கட்டிய மட்டையோ, விமானத்தடியில் நின்று எடுத்த படமோ யாரிடமாவது இருந்தால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கோ. பிரதி எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவேன். அம்மப்பாவின் டிக்கற் 1995 இடப்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டது.